உடன் பயில்வோர் தரும் கால் பங்கு

மாணவன் தன் கல்வியை நான்கு வழிகளில் அடைகிறான் என்று வடமொழியில் ஒரு பழைய வாக்கு உண்டு. கால் பங்கு ஆசிரியரிடமிருந்து கிடைக்கிறது. கால் பங்கு தன் அறிவினால். கால் பங்கு உடன் பயில்வோரிடமிருந்து. எஞ்சிய கால் பங்கு காலம் செல்லச் செல்லக் கனிகிறது. தமிழில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் இக்கணக்கைச் சற்று மாற்றிக் கூறுகிறார். ஆசிரியர் உரைத்ததைச் செம்மையாகக் கேட்டுக்கொண்டாலும் கைக்கு வருவது கால் பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால். பிறருக்கு எடுத்துரைப்பதால் மீதி அரை. மொழியாலும் காலத்தாலும் வேறுபட்ட இவ்விரு மரபுகளும் ஒன்றில் உடன்படுகின்றன: உடன் பயில்வோர் தருவது கால் பங்கு.

ஆசிரியர் தரும் பங்கை நாம் போற்றுகிறோம். சொந்த முயற்சியின் பங்கை நாமே பேசிக்கொள்கிறோம். உடன் பயில்வோர் தரும் பங்கையோ, விடுபட்ட பாடத்தை எழுதிக்கொள்ள உதவும் குறிப்பேடு என்ற அளவிலேயே பெரும்பாலும் நினைக்கிறோம். அவர்கள் தருவது அவ்வளவுதானா? ஆசிரியராலும் தர இயலாத ஒன்று அவர்களிடம் இருக்கிறதா? இப்பாடத்தில் நாம் ஆராயவிருப்பது இதுவே.

பிப்பலாதரிடம் வந்த அறுவர்

பிரச்ன உபநிஷதம் ஆறு மாணவர்களின் வருகையோடு தொடங்குகிறது. கையில் சமித்துடன் பிப்பலாத முனிவரை அணுகிய அவர்களை நோக்கி, இன்னும் ஓராண்டு தவம், பிரம்மசரியம், சிரத்தை ஆகியவற்றோடு இங்கே தங்கியிருங்கள். அதன்பின் விரும்பியதைக் கேளுங்கள் என்கிறார் முனிவர். ஓராண்டு நிறைந்ததும் ஒவ்வொருவராகக் கேட்கின்றனர். உயிர்கள் எங்கிருந்து தோன்றின என்கிறார் ஒருவர். உடலைத் தாங்கும் தேவர்கள் எத்தனை பேர் என்கிறார் மற்றொருவர். பிராணன் எங்கிருந்து பிறக்கிறது, உறங்கும்போது உள்ளே விழித்திருப்பது எது, ஓங்காரத்தைத் தியானிப்பவன் எவ்வுலகை அடைகிறான் என்று கேள்விகள் தொடர்கின்றன.

ஆறாவது கேள்வி தனிக் கவனத்திற்கு உரியது. சுகேசர் கேட்கும் அக்கேள்வி அவருடையதே அன்று. கோசல நாட்டு இளவரசன் ஹிரண்யநாபன் ஒருமுறை அவரிடம் வந்து, பதினாறு கலைகளையுடைய புருஷனை அறிவீரா என்று வினவினான். அறியேன் என்று அவர் உண்மையைக் கூறினார். அரசிளங்குமரன் மௌனமாகத் தேரேறிச் சென்றுவிட்டான். அவன் விட்டுச் சென்ற கேள்வியையே சுகேசர் சுமந்துகொண்டு ஆசானிடம் வந்திருக்கிறார். உபநிஷதம் அந்தக் கேள்வியோடும் விடையோடும்தான் நிறைவடைகிறது.

அறுவரும் ஒரே ஆசிரியரிடம் ஒரே ஓராண்டு வாழ்ந்தவர்கள். ஆயினும் ஒருவர் கேட்டதை மற்றவர் கேட்கவில்லை. அவர்களுள் எவரேனும் தனியே வந்திருந்தால் ஒரு விடையோடு திரும்பியிருப்பார். உடனிருந்தவர்களின் கேள்விகளால் ஒவ்வொருவருக்கும் ஆறு விடைகளும் கிட்டின. நமக்குத் தோன்றாத கேள்வியை நம் அருகில் இருப்பவர் கேட்கிறார். உடன் பயில்வோர் தரும் கால் பங்கின் இயல்பு இதிலிருந்து புலப்படத் தொடங்குகிறது.

ஒரே ஊர், மூன்று படங்கள்

இதனை அன்றாட வாழ்விற்கு அருகில் கொண்டுவந்து பார்க்கலாம். காசி நகரில் ஒரு வகுப்பறையைக் கற்பனை செய்வோம். 'நம் ஊர்' என்று தலைப்பிட்டு ஒரு படம் வரைந்து வருமாறு ஆசிரியர் மாணவர்களிடம் கூறுகிறார். மறுநாள் மூன்று படங்கள் மேசைமீது விரிகின்றன.

முதற்படம் படித்துறையில் யாத்ரிகர்களுக்குச் சடங்குகள் செய்துவைக்கும் புரோகிதர் வீட்டுப் பிள்ளை வரைந்தது. தாளின் பெரும்பகுதியைக் கங்கை நிறைத்திருக்கிறது. தெற்கே அஸி முதல் வடக்கே வருணை வரை படித்துறைகள் வரிசையாக இறங்குகின்றன. வடக்கு நோக்கித் திரும்பி ஓடும் கங்கை, கீழ்த்திசையில் எழும் சூரியன், விசுவநாதர் ஆலயத்தின் சிகரம், அணையாது எரியும் மணிகர்ணிகை. ஊர் அத்துடன் முடிந்துவிடுகிறது.

இரண்டாவது படம் மதன்புராவில் வாழும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை வரைந்தது. மதன்புரா, தசாசுவமேதப் படித்துறையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ளது. அவன் படத்தில் குறுகிய சந்துகள், ஒவ்வொரு வீட்டினுள்ளும் தரையில் இறக்கிய குழித்தறி, பாவு நூல், தார் சுற்றும் பாட்டி, சாயப் பட்டறை, நெய்த சேலையை வாங்கிக்கொள்ளும் மொத்த வணிகரின் கடை எல்லாம் இடம்பெற்றுள்ளன. கங்கை தாளின் ஓரத்தில் ஒரு மெல்லிய நீலக் கோடு.

மூன்றாவது படம் படகோட்டி வீட்டுப் பெண் வரைந்தது. அவள் ஊரை ஊருக்குள் இருந்து வரையவே இல்லை. நடு ஆற்றிலிருந்து வரைந்திருக்கிறாள். படித்துறைகளின்மேல் பல கிடைக்கோடுகள். வெயில்காலத்தில் நீர் நிற்கும் இடம் ஒன்று, ஆவணி வெள்ளத்தில் ஏறும் இடம் ஒன்று, 1978-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் நீர் வந்ததாக வீட்டார் காட்டும் இடம் ஒன்று.

புரோகிதர் வீட்டுப் பிள்ளை முதலில் வாய் திறக்கிறான். "கங்கையை ஏன் இவ்வளவு சிறியதாக வரைந்தாய்?"

"உன் படத்தில் எங்கள் தெருவே இல்லையே" என்கிறான் நெசவாளர் மகன்.

படகோட்டியின் மகள் இருவரையும் பார்த்துச் சொல்கிறாள்: "உங்கள் இரண்டு படத்திலும் மழைக்காலம் இல்லை. வெள்ளம் ஏறினால் ஒரு படித்துறையிலிருந்து அடுத்ததற்கு நடந்து போக வழி கிடையாது. அப்பா இரண்டு மாதம் படகை இறக்கமாட்டார்."

மூவரும் பொய் வரையவில்லை. காசி உண்மையிலேயே தீர்த்த நகரம். உண்மையிலேயே நெசவு நகரம். பனாரஸ் சேலைகளுக்கும் சரிகைத் துணிகளுக்கும் 2009-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஆண்டுதோறும் மார்கசீர்ஷ மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் இந்நகரின் முஸ்லிம் நெசவாளர்கள் தறிகளை நிறுத்திவிட்டுச் சிறப்புத் தொழுகை நடத்துவது நெடுநாளைய வழக்கம். ஆற்றின் ஏற்ற இறக்கமும் அதேபோல் உண்மை. இவை ஒருபுறமிருக்க, சமணர்களுக்கு இது பார்சுவநாதர் பிறந்த தலம். பௌத்தர்களுக்கு, புத்தர் முதல் உபதேசம் அருளிய சாரநாத்தின் அருகே உள்ள நகரம். கபீரைப் போற்றுவோருக்கும் ரவிதாசரைப் போற்றுவோருக்கும் இங்கே தனித்தனியே புனித இடங்கள் உள்ளன.

மூன்று படங்களும் மேசைமீது வந்த அந்த நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு செய்தி தெரியவருகிறது: 'என் ஊர்' என்று இதுவரை நான் கருதியது என் ஊரில் எனக்குப் பழகிய பகுதி. இதை ஆசிரியர் சொல்லியிருந்தால் மரியாதைக்காகத் தலையசைத்திருப்பார்கள். அயலூரார் சொல்லியிருந்தால், 'இவருக்கு நம் ஊரைப் பற்றி என்ன தெரியும்?' என்று ஒதுக்கியிருப்பார்கள். அதே பெஞ்சில் அமர்ந்து, அதே ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவரை அவ்வாறு ஒதுக்க முடிவதில்லை. மரியாதைக்காக ஏற்கவும் வேண்டியதில்லை. சமமானவர் என்பதால் அவர் சொல் நேரே உள்ளே இறங்குகிறது. உடன் பயில்வோருக்கே உரிய வலிமை இது.

ஊர் ஒன்று, உலகங்கள் பல

இவ்வனுபவத்தின் தத்துவ அடிப்படையைப் பஞ்சதசியில் காணலாம். பதினைந்து பிரகரணங்களைக் கொண்ட இந்நூலின் நான்காவது பகுதி துவைத விவேகம். அதில் வித்யாரண்யர் இருவகைப் படைப்புகளைப் பிரித்துக் காட்டுகிறார். பொருள்கள் ஈசுவரனின் படைப்பு. அப்பொருள்களின்மீது ஜீவன் தன் விருப்பு வெறுப்புகளால் எழுப்பிக்கொள்ளும் உலகம் ஜீவனின் படைப்பு.

அவர் தரும் எடுத்துக்காட்டு ஓர் இரத்தினம். அதைப் பெற்றவன் மகிழ்கிறான். பெறாதவன் சினம் கொள்கிறான். பற்றற்றவன் அதனைக் காண்கிறான். மகிழ்வதும் இல்லை, சினப்பதும் இல்லை. கல் மூவருக்கும் ஒன்றே. இனியது, இன்னாதது, பொருட்படுத்தத் தகாதது என்னும் மூன்றும் காண்போர் படைத்தவை. அவ்வாறே ஒரு பெண் ஒருவருக்கு மனைவி, ஒருவருக்கு மருமகள், ஒருவருக்குத் தாய். உறவுகள் மாறினும் உருவம் மாறுவதில்லை.

காசியின் கல்லும் நீரும் மூன்று பிள்ளைகளுக்கும் பொது. தாளில் கங்கை பெருத்ததும் சிறுத்ததும் அவரவர் வீட்டு வாழ்வினால். இதில் குற்றம் எதுவும் இல்லை. நான் எழுப்பிக்கொண்ட உலகையே ஈசுவரனின் படைப்பு என்று கொள்ளும்போதுதான் மயக்கம் தொடங்குகிறது. வித்யாரண்யர் மற்றோர் எடுத்துக்காட்டும் தருகிறார். வெளிநாடு சென்ற மகன் நலமாக இருக்கிறான். இறந்துவிட்டான் என்று ஒருவன் பொய் சொன்னதைக் கேட்டு இங்கே தந்தை அழுகிறார். நம்மைப் பிணிப்பது மனம் படைத்த உலகமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தன் மனம் படைத்ததைத் தானே கண்டுகொள்வது அரிது. கண்ணாடி அணிந்திருப்பவன் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. அதன் வழியே பார்க்கிறான். அருகில் இருப்பவன், "நீ பச்சைக் கண்ணாடி அணிந்திருக்கிறாய்" என்று சொல்லும்போதுதான் கை முகத்திற்குப் போகிறது.

மூன்று படிகள்

பகவத்கீதை பதினெட்டாம் அத்தியாயத்தில் ஞானம் மூன்றாகப் பகுக்கப்படுகிறது. அப்பகுப்பை இங்கே கீழிருந்து மேலாகப் பொருத்திப் பார்ப்பது பயன் தரும்.

ஒரு பகுதியையே முழுமை என்று பற்றிக்கொண்டு, காரணமின்றி அதிலேயே நிற்பது தாமச ஞானம். என் தெருவே ஊர், என் வீட்டு வழக்கமே பண்பாடு, என் பாதையே பாதை என்பது இந்நிலை.

ஒவ்வொன்றையும் ஒன்றோடொன்று தொடர்பற்ற தனித்தனிப் பொருளாகக் காண்பது ராஜச ஞானம். 'உன் ஊர் உனக்கு, என் ஊர் எனக்கு. அவரவர் பார்வை அவரவர்க்கு' என்று கூறி எழுந்துவிடுவது இந்நிலை. கேட்பதற்கு இது பெருந்தன்மை போல ஒலிக்கும். பலர் இங்கேயே நின்றுவிடுகின்றனர். ஆனால் இதில் கற்றல் நிகழ்வதில்லை. மூன்று படங்களும் சுவரில் தனித்தனியே தொங்குகின்றன, அவ்வளவே.

பிரிந்து தோன்றுபவற்றில் பிரிவற்ற ஒன்றைக் காண்பது சாத்விக ஞானம். புரோகிதர் வீட்டுப் பிள்ளை தன் தாயின் திருமணப் பட்டை எண்ணிப் பார்க்கிறான். அது அந்தச் சந்துகளில் ஏதோ ஒரு குழித்தறியில் பல வாரங்கள் நெய்யப்பட்டது. தன் தந்தை நெய்யும் சேலையை யாத்திரை வருவோரும் விரும்பி வாங்கிச் செல்வதை நெசவாளர் மகன் நினைத்துப் பார்க்கிறான். யாத்ரிகர் இல்லாத நாளில் தன் தந்தையின் படகு கரையில் கட்டியே கிடக்கும் என்பதைப் படகோட்டியின் மகள் அறிவாள். மூன்று படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஓர் ஊர் தெரிகிறது. எந்தத் தனிப்படத்திலும் இல்லாத ஊர் அது. எந்தப் படத்தையும் விலக்காத ஊரும் அதுவே.

ஆன்மிகச் சாதனையிலும் இதுவே வரிசை. பகுதியை முழுமை என்னும் பிடிவாதம் முதலில் தளர வேண்டும். பன்மையைக் கண்டு அதிலேயே நின்றுவிடாமல், அதனூடே ஒருமையைத் தேட வேண்டும்.

எல்லாப் பார்வையும் சரியா?

இங்கே ஓர் ஐயம் எழும். அவ்வாறாயின் யார் எதைச் சொன்னாலும் உண்மை என்று ஏற்க வேண்டுமா? இல்லை. காசியின் கங்கையே இதற்கும் விடை தருகிறது.

'கங்கை தூயவள்' என்கிறார் பக்தர். 'கங்கை நீர் மாசடைந்துள்ளது' என்கிறார் பொறியாளர். ஒருவர் கூறுவது புனிதம்; மற்றவர் கூறுவது சுத்தம். ஒரே சொல் இரு பொருளில் வழங்குவதால் இல்லாத பகை ஒன்று பிறக்கிறது. முதலாமவர், தாயைப் பழிக்கிறார்கள் என்று காதை மூடிக்கொள்கிறார். இரண்டாமவர், மூடநம்பிக்கை என்று பேச்சை முடித்துக்கொள்கிறார். இருவரும் பேசாதிருக்கும் நாளெல்லாம் கழிவுநீர் ஆற்றில் கலந்துகொண்டேயிருக்கிறது. கங்கைத் தூய்மைத் திட்டம் 1986-ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று காசியில்தான் தொடங்கப்பட்டது. பல ஆண்டுகள் கழிந்தும் சிக்கல் தீராததால், 2014-ஆம் ஆண்டில் நமாமி கங்கே என்னும் புதிய திட்டம் வகுக்க நேர்ந்தது.

இவ்விரு பார்வைகளையும் ஒருவரே தாங்கிய வரலாறும் அந்நகருக்கு உண்டு. வீரபத்ர மிசுரா (1938-2013) சங்கட்மோசன் அனுமன் ஆலயத்தின் மகந்த்; அதே வேளையில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியர். துளசி படித்துறையில் நாள்தோறும் நீராடியவர். அந்நீரில் எத்தகைய கிருமிகள் எவ்வளவு உள்ளன என்பதையும் அறிந்தவர். நீராட வேண்டும் என்னும் உள்ளத்தின் தவிப்பும் அறிவின் எச்சரிக்கையும் தமக்குள் மோதுவதை அவர் மறைக்கவில்லை. வாழ்க்கை ஓர் ஆறு. வேத மரபு அதன் ஒரு கரை, அறிவியல் மறு கரை. இரண்டும் உறுதியாக இருந்தால்தான் ஆறு ஒழுங்காக ஓடும் என்பது அவர் கருத்து. 1982-ஆம் ஆண்டு அவர் நிறுவிய அமைப்பு ஆற்றுநீரைச் சோதிப்பதையும் மக்களைத் திரட்டுவதையும் தன் பணியாகக் கொண்டது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 1992-ஆம் ஆண்டு அவரைச் சிறப்பித்தது.

பொருள் வேறு, உண்மைச் செய்தி வேறு என்பதை இவரது வாழ்விலிருந்து கற்கலாம். கங்கை எனக்கு என்னவாக இருக்கிறாள் என்பதில் ஆயிரம் பார்வைகளுக்கு இடம் உண்டு. சாக்கடை ஆற்றில் விழுகிறதா என்பதில் இரண்டு பார்வைகளுக்கு இடம் இல்லை. போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். உடன் பயில்வோனோடு கருத்து வேறுபடும்போது நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, நாங்கள் இருவரும் ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறோமா என்பது. ஆம் எனில், எழுந்து போய்ச் சேர்ந்து பார்க்க வேண்டும்.

கேட்கும் முறை

நியாய சாஸ்திரம் உரையாடலை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறியும் பொருட்டு இருவர் பேசுவது வாதம். வெற்றியின் பொருட்டுப் பேசுவது ஜல்பம். தனக்கென ஒரு நிலைப்பாடு இல்லாமல் பிறர் கூற்றைத் தகர்ப்பது மட்டுமே செய்வது விதண்டை. இவற்றுள் வாதத்தையே பகவான் கீதையில் தம் விபூதியாகக் கூறுகிறார். உடன் பயில்வோர் தரும் கால் பங்கு வாதத்தில் மட்டுமே கைகூடும்.

அதற்கு நம் முன்னோர் வகுத்த பயிற்சி பூர்வபக்ஷம். தன் முடிவை நிறுவுமுன், மாற்றுக் கருத்தை அதற்குரியவரே ஒப்புக்கொள்ளும் வகையில் எடுத்துரைக்க வேண்டும். வாசஸ்பதி மிசிரர் நியாயம், சாங்கியம், யோகம், அத்வைதம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் உரை வகுத்தார்; அந்தந்த உரையில் அந்தந்தத் தரிசனத்தின் குரலாகவே நின்றார். அவர் அளவுக்கு நம்மால் இயலாவிடினும் ஒரு சிறு தொடக்கம் செய்யலாம். நண்பர் ஒன்றைக் கூறியதும், 'ஆனால்' என்று தொடங்காமல், 'நீங்கள் சொல்வது இதுதானே?' என்று அவர் கருத்தைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கலாம். 'ஆம், அதுவே' என்று அவர் முகம் மலரும்வரை நம் பதிலை ஒத்திவைக்கலாம்.

நாட்டின் பல நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இப்பயிற்சி நாள்தோறும் வாய்க்கிறது. மும்பை மாதுங்காவில் வளரும் பிள்ளைக்குக் கடல் என்பது ஞாயிற்றுக்கிழமை மாலைக் காற்று. அவன் வகுப்பில் படிக்கும் கோலி மீனவக் குடும்பத்துப் பிள்ளைக்கு அதுவே வீட்டின் அடுப்பு. இருவரும் ஒரே நகரத்தைத் தம் ஊர் என்கின்றனர். பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பியதும் மதிப்பெண்ணைக் கேட்கும் பெற்றோர், 'இன்று உன் நண்பன் சொன்னவற்றுள் உனக்குத் தெரியாதது எது?' என்றும் கேட்கலாம்.

காசி யாத்திரை செல்வோருக்கும் இது பொருந்தும். அனுமான் படித்துறை, குமரகுருபரர் மரபின் மடம் விளங்கும் கேதாரப் படித்துறை, நகரத்தார் சத்திரம், விசுவநாதர் சந்நிதி என்று சுற்றிவந்து, காசியைப் பார்த்துவிட்டோம் என்று திரும்புகிறோம். நாம் பார்த்தது நம்முடைய காசி. படகோட்டியிடம் கட்டணத்தைப் பேசி முடித்தபின், இந்த ஆறு அவருக்கு எப்படித் தெரிகிறது என்றும் ஒரு கேள்வி கேட்டால், அவர் அந்த ஒரு மணிநேரத்திற்கு நமக்கு உடன் பயில்வோர் ஆகிறார்.

சிந்தனைக்கு

1. உங்கள் ஊரின் படத்தை நினைவிலிருந்து ஒரு தாளில் வரையுங்கள். அதில் இடம்பெறாத தெருக்கள் எவை? ஏன் விடுபட்டன?

2. அதே ஊரில் வளர்ந்த ஒருவரையும் வரையச் சொல்லி இரண்டையும் ஒப்பிடுங்கள். அவர் பெரிதாக வரைந்து நீங்கள் சிறிதாக வரைந்தது எது?

3. அண்மையில் நிகழ்ந்த ஒரு கருத்து வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். அது பொருளைப் பற்றியதா, உண்மைச் செய்தியைப் பற்றியதா? அந்த உரையாடல் வாதமா, ஜல்பமா?

4. சுகேசரைப் போல, பிறர் கேட்ட கேள்வி ஒன்றை உங்கள் கேள்வியாகச் சுமந்து சென்றதுண்டா? இல்லையெனில், இந்த வாரம் அத்தகைய ஒரு கேள்வியைத் தேடிப் பெறுங்கள்.